நம் ஊர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கேளம்பாக்கத்தை ஒட்டிய ஒரு காலனியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் சேர்ந்து வகுப்பு நடத்துகிறோம். கணக்கும் ஆங்கிலமும் கேட்டுத்தான் பிள்ளைகள் வருவார்கள். சென்ற மாதம் ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "வரலாறு பிடிக்குமா?" என்று கேட்டோம். யாரும் வாய் திறக்கவில்லை. "பெருசு பெருசா எழுதணும்ண்ணா" என்றான் ஒருவன். "எல்லாம் வருஷக் கணக்குதான், பரிச்சை முடிஞ்சா மறந்துடும்" என்றான் இன்னொருவன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்: "இதுல நம்ம ஊரு எந்தப் பக்கத்துல இருக்குண்ணா?"

மாமல்லபுரம் இருக்கிறதே என்றோம். "அது கோயிலு. நாம எங்க?" என்றாள்.

அன்றைக்கு எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பார்த்தால், வரலாறு கசக்கிறது என்று நம் பிள்ளைகள் சொல்வதற்கான காரணம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. ஆண்டுகள் அதிகம், பாடம் நீளம் என்பதெல்லாம் மேலோட்டமான குறை. கிரிக்கெட் பிடித்த பையன் பழைய ஆட்டங்களின் ஓட்டக் கணக்கை வரிசையாகச் சொல்கிறான். சினிமா பிடித்தவன் எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அங்கெல்லாம் எண்கள் சுமையாக இல்லை. தனக்கு அதில் ஓர் இடம் உண்டு என்ற எண்ணம் வந்துவிட்டால் ஆண்டும் பெயரும் தானாக மனதில் ஒட்டிக்கொள்ளும். வரலாற்றுப் பாடத்தில் அந்த இடம் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

பாடநூலை மட்டும் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூலில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் இடம்பெற்றிருக்கிறார்கள். நாம் பள்ளியில் படித்த காலத்தில் அந்தப் பெயர்களைப் பாடத்தில் பார்த்ததே இல்லை. இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனாலும் மாநிலம் முழுமைக்குமாக எழுதப்படும் ஒரு புத்தகம் ஒவ்வோர் ஊருக்கும் பக்கம் ஒதுக்க முடியாது. எண்பது ஆண்டு வாழ்ந்த ஒரு தலைவருக்கு அங்கே ஒரு பத்திதான் கிடைக்கும். மிச்சத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும். அப்படித் தேடுவதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசியை நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டது நம் குறை.

அரை நாள் பயணத்தில்

கேளம்பாக்கத்திலிருந்து அரை நாளில் போய்த் திரும்பக்கூடிய சில இடங்களைச் சொல்கிறோம்.

முதலில் பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் அங்கே ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லைக் கையில் எடுத்தார். மனிதன் செதுக்கிய பழங்கற்காலக் கருவி அது. இந்தியாவில் கற்கால மனிதனைப் பற்றிய ஆய்வு அந்தக் குழியிலிருந்துதான் தொடங்குகிறது. சரளை வெட்டிய கூலியாட்களின் கையிலும் அதுபோன்ற கற்கள் பட்டிருக்கக்கூடும். அவர்களுக்கு அன்றைய கூலிக்குரிய சுமையாக இருந்த கல், கேள்வியோடு பார்த்தவருக்கு ஆதாரமாகிவிட்டது.

அடுத்தது மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கடற்கரைக் குப்பங்களுக்குச் செய்ததை யாரும் மறக்கவில்லை. அந்த அலை மணலை அரித்துக்கொண்டு போனபோது ஒரு பாறையில் இருந்த கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதைப் பின்பற்றித் தொல்லியல் துறையினர் தோண்டியபோது மணலுக்கடியில் ஒரு பழைய முருகன் கோயிலும், அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கட்டடமும் கிடைத்தன. நம் காலத்திலேயே நடந்தது இது. எல்லா வரலாறும் எழுதி முடிக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கும் மாணவர் அந்த இடத்தில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

மாமல்லபுரம் சிற்பங்களைச் செதுக்கியவர்கள் யார் என்று கேட்டால் மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்று மன்னர்களின் பெயர்களைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரி என்ற ஊரில், நொண்டி வீரப்பன் தொட்டி என்று மக்கள் சொல்லும் இடத்தில், ஒரு பாறையில் வேறு பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று போகும் அந்தப் பெயர்கள் உளி பிடித்தவர்களுடையவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உளியைத் தீட்டிக் கொடுக்கும் கொல்லனுக்கும் அங்கே இடம் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு நூறு முறை போய்ப் படம் எடுத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் இந்தப் பெயர்களைப் படித்திருப்போம்? உழைத்தவன் பெயர் கல்லில் இருக்கிறது. போய்ப் பார்ப்பவர்தான் குறைவு.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. துணி வணிகம் செய்த கம்பெனியின் கிடங்கு என்று அங்கே சொல்வார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சம் வந்தபோதெல்லாம் அதே கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களையும் விலைக்கு வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றியது. பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவர் யார் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருப்போரூரைத் தாண்டினால் சிறுதாவூர். அங்கே கல் வட்டங்களும் கல் பதுக்கைகளுமாக இரும்புக்கால மக்களின் ஈமச் சின்னங்கள் இருக்கின்றன. அதே ஊரில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த நிலம் கைமாறியதாகப் புகார் எழுந்து, அதை விசாரிக்க 2006இல் ஓர் ஆணையமே அமைக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் செத்தவனைப் புதைத்த இடமும், நேற்று பட்டா வாங்கியவன் நிலத்தை இழந்த இடமும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டும் வரலாறுதான்.

பழைய பாடத்தைப் புதுக் கேள்வியோடு

ஊரைச் சுற்றிவிட்டு வந்து பாடநூலைத் திறந்தால் அந்தப் புத்தகமே வேறு மாதிரி தெரியும். உத்திரமேரூர்க் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறை, ஜனநாயகத்தின் முன்னோடி என்று நாம் பெருமையோடு எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். குடத்தில் பெயர் போட வேண்டுமானால் என்ன தகுதி என்று அதே கல்வெட்டு சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள், வேதப் பயிற்சி. ஊரின் அன்றைய பெயர் உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களின் பெயர் குடத்துக்குள் போயிருக்குமா என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால் போதும், அந்தப் பாடம் அவருக்கு வாழ்நாளில் மறக்காது. இப்படிக் கேட்பதால் குடவோலையின் சிறப்புக் குறைந்துவிடாது. தேர்தலில் ஊழலைத் தடுக்க அவர்கள் போட்ட விதிகள் இன்றைக்கும் வியப்பூட்டும். வியந்துகொண்டே கேள்வியும் கேட்கலாம்.

பொன்னியின் செல்வனைப் படமாகப் பார்த்தோம், சிலர் ஐந்து பாகமும் படித்தோம். கல்கி 1950களில் தொடராக எழுதிய அந்தக் கதை எத்தனையோ பேருக்கு வரலாற்றின் மேல் ஆசை வரச் செய்தது உண்மை. ஆனால் வந்தியத்தேவனின் குதிரை நம்மைச் சேரிக்குள் அழைத்துப் போவதில்லை. ராஜராஜனின் கல்வெட்டுகள் போகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி இல்லாத இடங்களைப் பட்டியல் போடும்போது ஊர் நத்தம், குளம், சுடுகாடு என்ற வரிசையில் பறைச்சேரியும் வருகிறது. சில இடங்களில் தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் கல்லில் ஏறிவிட்டது. நாவலைப் படித்துவிட்டு அதோடு நிற்காமல் கல்வெட்டுத் தொகுதியையும் புரட்டுகிறவருக்குத்தான் இது தெரியும். கசப்பான செய்திதான். ஆனாலும் நாம் அந்தக் காலத்தில் இல்லாமல் போகவில்லை, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தோம் என்பதற்கு அது சாட்சி.

கால்வாய் வெட்டிய கைகள்

கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கோவளம் சாலையில் போகிறவர்கள் இரண்டு பக்கமும் உப்பளத்தையும், குறுக்கே பக்கிங்காம் கால்வாயையும் பார்த்திருப்பார்கள். ஐ.டி. கம்பெனி பேருந்தில் தினமும் கடக்கிறவர்களுக்கு அது வெறும் நீர்ப்பரப்பு.

அந்தக் கால்வாய் ஒரே நாளில் வெட்டப்பட்டதன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து துண்டு துண்டாக நீண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வது அந்தப் பஞ்சத்தைத்தான். அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. 1877இன் தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும், அதோடு ஓர் அணாவும் போதும் என்று அரசு கணக்குப் போட்டது. நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

கால்வாய்க்குப் பிரபுவின் பெயர் இருக்கிறது. வெட்டியவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் ஒரு பவுண்டு தானியம் என்ற அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மாணவர்கள் எவ்வளவு யோசிக்கலாம்! வீட்டுத் தராசில் அரிசியை நிறுத்துப் பார்க்கலாம். அதில் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று அம்மாவிடம் கேட்கலாம். எங்கள் ஞாயிறு வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். "இதை வெச்சிக்கிட்டு ஒரு நாள் முழுக்க மண்ணு வெட்டணுமா?" என்று ஒரு பையன் கேட்டான். 1876-78 பஞ்சம் என்ற ஒற்றை வரி அதற்குப் பிறகு அவனுக்குப் பாடமாக இருக்கவில்லை.

உப்பும் அப்படித்தான். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம் எல்லோருக்கும் தெரியும். 1805இலேயே சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமை ஆகிவிட்டது என்பதும், கொளுத்தும் வெயிலில் பாத்தியில் கால் வெடிக்க நின்று உப்பு வாரியவர்கள் என்ன கூலி வாங்கினார்கள் என்பதும் நாம் கேட்காத கேள்விகள். கேட்டால் பதில் சொல்ல உப்பளத்தில் வேலை செய்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

செங்கல்பட்டிலிருந்து போன ஓர் அறிக்கை

இந்திய தலித் வரலாற்றில் நம் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு அது தெரியாது.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். 1843இலேயே சட்டம் அடிமை முறையை ஏற்காது என்று சொல்லியாகிவிட்டது. 1860இன் தண்டனைச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் செங்கல்பட்டுக் கிராமத்தில் என்ன நடந்தது? ஊர் நிலமும் தரிசும் மிராசுதார்களின் பிடியில் இருந்தன. தரிசு நிலம் கேட்டு வேறு யார் மனுப் போட்டாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. சேரி இருந்த மனையும் அவர்களுடையதாகவே கருதப்பட்டது. படியாள் எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டே வெளியேற்றலாம். வாங்கிய சின்னக் கடனுக்கு அப்பனும் பிள்ளையும் உழைத்துத் தீர்க்க வேண்டும். நிலமும் மனையும் கல்வியும் கொடுக்காமல் இந்த மக்களின் நிலை மாறாது என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒப்படை செய்யும் வழி திறந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது இதைத்தான். அந்த நிலத்துக்கு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்து அதே மக்களுக்குக் கொடுக்கலாம்.

வெள்ளைக்காரக் கலெக்டர் இரக்கப்பட்டுக் கொடுத்தார் என்று இந்தக் கதையை முடித்துவிடக் கூடாது. செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்கள் நம் மக்களின் நில உரிமைக்காக விடாமல் எழுதினார்கள். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் அதே காலத்தில் அமைப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிக்கைக்குள் இருக்கும் ஒவ்வொரு செய்தியும் இந்த மண்ணில் படியாளாக இருந்த ஒருவரின் வாழ்க்கை. அந்த ஒருவர் நம் பாட்டனாகவோ பாட்டியாகவோ இருக்கலாம்.

அந்த நிலம் பிறகு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். கடனுக்கும் கைநாட்டுக்கும் பினாமிக்கும் போனது. பழைய மகாபலிபுரம் சாலையில் மனை விலை ஏறியபோது வேகமாகப் போனது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். 1891இல் எழுதப்பட்ட ஒரு தாளுக்கும் 1994இல் விழுந்த இரண்டு உடல்களுக்கும் நடுவில் ஓடும் கோட்டைப் புரிந்துகொள்ள வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

திருப்போரூர் பக்கத்து ஓர் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். "அந்த மேட்டு நெலம் நம்மளுது. எங்க மாமனாருக்கு வெள்ளக்காரன் காலத்துல குடுத்தது" என்று ஓர் ஆயா சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டில் யாரும் காதில் வாங்கியதில்லை. கல்லூரிப் பேரனும் அவன் நண்பர்களும் ஒரு விடுமுறையில் அதைத் தேடக் கிளம்பினார்கள். அ-பதிவேடு, புலப்படம், பழைய செட்டில்மென்ட் பதிவேடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஓர் அலுவலகத்தில் பழைய ஏடே இல்லை என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்கள். கடைசியில் ஒரு நகல் கையில் வந்தபோது குறிப்பு என்ற கட்டத்தில் டி.சி. நிபந்தனை என்று இருந்தது. "ண்ணா, ஆயா சொன்னது கரெக்டுண்ணா!" என்று அந்தப் பையன் போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. நிலம் இன்னும் கைக்கு வரவில்லை, மனு நடக்கிறது. ஆனால் அந்தப் பையன் இப்போது பழைய கணக்கு எதைப் பார்த்தாலும் விடுவதில்லை. வரலாற்றை அனுபவிப்பது என்று நாம் சொல்வது அதைத்தான். நமக்கு அது பொழுதுபோக்கு மட்டுமில்லை, சோறும் நிலமும் அதில் இருக்கிறது.

கோழியாளத்திலிருந்து லண்டன் வரை

இரட்டைமலை சீனிவாசன் பிறந்தது மதுராந்தகம் பக்கம் உள்ள கோழியாளம். நம் மாவட்டத்துப் பிள்ளை. கோயம்புத்தூரில் படித்த காலத்தில், சாதி எது, ஊர் எது என்று கூடப் படிப்பவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியிலேயே புத்தகத்தோடு இருந்துவிடுவாராம். 1939இல் வெளியான தம் ஜீவிய சரித்திர சுருக்கத்தில் அவரே இதைச் சொல்கிறார். இன்றைக்கும் புதுப் பள்ளியில் முதல் நாள் "எந்த ஏரியா?" என்ற கேள்விக்கு எச்சில் விழுங்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய துணை!

அப்படி ஒளிந்து நின்ற பையன்தான் 1893இல் "பறையன்" என்று தம் பத்திரிகைக்கே பெயர் வைத்தார். எதைச் சொல்ல அஞ்சினாரோ அதைத் தலைப்பாக அச்சடித்தார். தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் இருந்து திரும்பி, சென்னை சட்டமன்ற உறுப்பினராகி, 1924இல் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. இன்று நாம் தடையில்லாமல் நடக்கும் தெருவில் கோழியாளத்துக்காரர் ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அவர் எழுதிய சின்னப் புத்தகத்தை ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.

இன்னொரு ராஜா கதை வேண்டாம்

ஒன்றை நம்மவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். வரலாற்றில் நமக்கு இடமில்லை என்ற கோபத்தில், நாமும் ஆண்ட பரம்பரைதான் என்று மேடையில் முழங்குவது இப்போது அதிகமாகிவிட்டது. எந்த ஆதாரமும் இல்லாத ஒரு ராஜாவுக்குக் கிரீடம் வைத்துப் பேனர் அடிக்கிறோம். பக்கத்துச் சாதிக்காரர் வேறொரு பேனர் அடிக்கிறார். இரண்டும் ஒரே கடையில் அச்சானவை. ராஜாவாக இருந்தால்தான் மதிப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், கால்வாய் வெட்டியவருக்கும் உப்பு வாரியவருக்கும் நாமே மதிப்பில்லை என்று சொன்னதாகிவிடாதா?

நம் முன்னோடிகள் காட்டிய வழி வேறு. 1907இல் அயோத்திதாசர் தொடங்கிய இதழில் எழுதியவற்றைப் படித்தால், ஒவ்வொரு சொல்லையும், பண்டிகையையும், வழக்கத்தையும் எடுத்து, இது எப்படி வந்தது, யார் மாற்றினார்கள் என்று துருவுவதைப் பார்க்கலாம். அவர் சொன்ன எல்லா முடிவையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. துருவும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதி 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவருக்கும் காணிக்கையாக்கினார். நம் நந்தனார் அங்கே முதலில் நிற்கிறார். ஆதாரச் சங்கிலியில் கண்ணிகள் விடுபட்ட இடத்தில் தாம் ஊகத்தை வைத்துத்தான் பேசுகிறோம் என்று முன்னுரையிலேயே திறந்து சொன்னவர் அவர். எது ஆதாரம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்லும் நேர்மையும் நாம் அவரிடம் கற்க வேண்டியதுதான்.

ஆகவே ஆயா சொன்னாலும், தலைவர் சொன்னாலும், வாட்ஸ்அப்பில் வந்தாலும், அதற்கு இன்னொரு சாட்சி தேட வேண்டும். ஆயா சொன்னது பொய் என்பதற்காக அல்ல. உண்மையை நாளை ஒரு தாசில்தார் முன்போ நீதிபதி முன்போ வைக்க வேண்டி வரலாம் என்பதற்காக.

எங்கிருந்து தொடங்குவது?

காசு செலவில்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். வீட்டில் மூத்தவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுவது முதல் வேலை. கால்வாயில் படகு ஓடியதா, எதை ஏற்றிப் போனார்கள், உங்களுக்குக் கூலி பணமா நெல்லா, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினீர்கள்? இந்தக் கேள்விகளே போதும். சொல்கிறபடி, அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். தேதியும் பெயரும் குறித்து வையுங்கள்.

அடுத்தது ஊர்க் கணக்கு. உங்கள் கிராமத்து அ-பதிவேட்டை அரசின் இணையதளத்திலும் பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். கிடைக்காவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

அதற்கு மேலும் ஆசை வந்தால் நகரம் தூரமில்லை. நம் சாலையிலேயே நேராகப் போனால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. குரோல் என்ற அதிகாரி தொகுத்து 1879இல் வெளிவந்த செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டைத் தேடிப் படியுங்கள். ஆங்கிலம் தடை என்று நினைக்க வேண்டாம். நான்கு பேர் சேர்ந்து ஒரு பக்கம் படித்தால் புரிந்துவிடும். உங்கள் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டால் அடுத்த பக்கம் தானாகப் படிக்க வைக்கும்.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாமல்லபுரம் சுற்றுலா போகும்போது பூஞ்சேரியில் பத்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். அந்தப் பெயர்களைப் பிள்ளைகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கிராமசபையில் கேள்வி கேட்கும் இளைஞர்களுக்கும் சொல்கிறோம்: உங்கள் ஊரில் டி.சி. நிலம் எத்தனை ஏக்கர் என்பதை அடுத்த கூட்டத்துக்குள் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்.

எந்தப் பக்கத்தில் நம் ஊர் என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் தன் பெயரையும் எழுதியிருக்கிறாள். அவளுடைய ஆயா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் கேட்பதற்கு இதுவரை பதினேழு கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள். ஆயாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பரிச்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்துவிடு என்று சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் நீங்களும் அதையே சொல்லுங்கள்.